கொழுந்து எங்க கையில், ருசி யார் வாயில்?

மலையகத்தில் ‘வைன்’ என்று சொன்னால் யாருக்கும் திராட்சைப்பழம் ஞாபகத்துக்கு வராது. டவுனில் தொங்கும் ‘வைன் ஸ்டோர்ஸ்’ போர்டுதான் வரும். உள்ளே விற்பது பெரும்பாலும் சாராயமும் பியரும். சம்பள நாளில் அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். குடி எத்தனை லயத்தை நாசமாக்கியது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால் ‘நண்பர்களோடு உட்கார்ந்து இத்தாலி வைன் ருசி பார்த்தோம்’ என்று எழுதினால் சிலர் சிரிப்பீர்கள், சிலருக்குக் கோபம் வரும். இரண்டும் நியாயம்தான். ஆனால் இங்கே பேசப்போவது குடியைப் பற்றி அல்ல. ருசி பார்ப்பதைப் பற்றி. அது யாருடைய வேலை, அது ஏன் நம்மிடம் இல்லை என்பதைப் பற்றி.

நடந்தது இதுதான். கம்பஸ் விடுமுறையில் நாங்கள் நாலு பேர், எங்கள் பேட்ச் நண்பன் ஒருத்தன் வீட்டுக்கு வென்னப்புவ போயிருந்தோம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருத்தர் இத்தாலியில் இருப்பது சாதாரணம். ‘சின்ன இத்தாலி’ என்றே அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நண்பனின் அண்ணன் மிலானில் ஒரு ரெஸ்டூரண்டில் வேலை செய்கிறவர். லீவில் வந்தவர் மூன்று போத்தல் கொண்டுவந்திருந்தார். ஒன்று கியாந்தி, ஒன்று பார்பெரா, மற்றது சோவாவே என்ற வெள்ளை வைன்.

குடிக்கக் கொடுப்பார் என்று நினைத்தோம். அவர் வகுப்பு எடுத்தார். கிளாஸை வெள்ளைப் பேப்பருக்கு மேலே சாய்த்து நிறத்தைப் பார்க்க வேண்டும். சுழற்றி முகர வேண்டும். ஒரே மிடறு எடுத்து, வாயில் வைத்திருந்து, பிடிக்காவிட்டால் கோப்பையில் துப்பிவிடலாம். பிறகு என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். ஒருத்தி ‘நாவல்பழம்’ என்றாள். ஒருத்தன் ‘ஊறவச்ச புளி’ என்றான். எதையும் அவர் பிழை என்று சொல்லவில்லை. கியாந்தியைக் குடித்ததும் நாக்கு இறுகியது. ‘அதுதான் தனின்’ என்றார். எங்களுக்கு அது புது ருசியே இல்லை. சீனி போடாத சாயத்தின் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் தேயிலைக் கொழுந்திலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே குடும்பத்துப் பொருட்கள்தான்.

கடைசியில் அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். ‘உங்க ஊர் தேயிலைய இப்படிப் பார்த்திருக்கீங்களா?’

எங்கள் நாலு பேரில் மூன்று பேரின் அம்மா கொழுந்து எடுக்கிறவங்க. மூன்று வீட்டிலும் தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஊற்றுவார்கள். ஆனால் எந்த வீட்டிலும் யாரும் தேயிலையை ருசி பார்த்தது கிடையாது. குடிச்சிருக்கோம், அவ்வளவுதான்.

அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கியாந்தி என்பது முதலில் ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர். 1716இல் தொஸ்கானா நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ, எந்த எல்லைக்குள் விளைந்தால் அந்தப் பெயரைப் போடலாம் என்று ஆணை போட்டார். 1963இல் இத்தாலி அரசு நாடு முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த ஊர், எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்று எல்லாவற்றுக்கும் விதி. அந்த ருசியைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையிலேயே பேசுகிறார்கள்.

அதற்காக இத்தாலியைச் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இதே கியாந்தி மலைகளில் பல நூற்றாண்டுகளாக வாரமுறை இருந்தது. நிலம் முதலாளிக்கு, உழைப்பு குடும்பத்துக்கு, விளைச்சலில் பாதி முதலாளிக்கு. அப்படிப் புதிதாக ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்ததே 1964இல்தான். 2015 ஜூலையில் தெற்கு இத்தாலியின் புல்யாவில், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனார். விடியுமுன் பஸ் ஏறி நெடுந்தூரம் போய், குறைந்த கூலிக்கு வேலை செய்தவர். அதைத் தொடர்ந்து 2016இல், ஆள் பிடித்துக் கொடுத்துக் கூலியில் கை வைக்கிற தரகர்களுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. அந்தத் தரகருக்கு இத்தாலியில் பெயர் ‘கபொராலே’. நம்ம பாஷையில் சொன்னால் பழைய காலத்துப் பெரிய கங்காணி. ஆக, போத்தல் நிலத்தின் பெயரைச் சொல்கிறது. கையின் பெயரை அதுவும் சொல்வதில்லை.

நம்ம பக்கம் வருவோம். இலங்கைத் தேயிலைக்கும் ஊர்ப் பெயர் உண்டு. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்று ஏழு பிரதேசம். ஹட்டனும் தலவாக்கலையும் பொகவந்தலாவையும் திம்புள்ளைக்குள் வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும்போது திம்புள்ளையின் நல்ல தேயிலை வரும். ஊவாவுக்கு அது ஜூலை தொடக்கம் செப்டம்பர் வரை, காய்ந்த காற்று அடிக்கும் காலம். வைன்காரர்கள் பெருமையாகப் பேசுகிற மண், மலை, காற்று, பருவம் எல்லாம் இங்கேயும் இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய காலத்திலிருந்து அந்த மலையில் நிற்பது நம்ம ஆட்கள்தான்.

ஆனால் ருசி மலையில் முடிவாவது இல்லை. கொழும்பில் முடிவாகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் இன்றைக்கும் வாராவாரம் நடக்கிறது, 2020இலிருந்து ஒன்லைனில். ஏலத்துக்கு முன்னால் தரகுக் கம்பனிகளின் ருசி பார்ப்பவர்கள் வரிசையாகக் கோப்பை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, துப்பி, ஒரு சொல் எழுதுவார்கள். அந்தச் சொற்கள் ஆங்கிலம். விலை அதற்குப் பிறகுதான். இங்கே பெக்டரியில் டீமேக்கர் ருசி பார்ப்பார். டூரிஸ்ட் வந்தால் விற்பனைக் கூடத்தில் அவர்களும் ருசி பார்ப்பார்கள். கொழுந்து எடுத்தவருக்கு மட்டும் அந்த மேசையில் கோப்பை கிடையாது. லயத்துக்கு வருவது பெரும்பாலும் தூள். நல்லதெல்லாம் கப்பலுக்குப் போன பிறகு மிஞ்சுவது.

‘இது என்ன பெரிய பிரச்சினை? சம்பளம், வீடு, காணி இருக்கும்போது ருசி ஒரு கேடா?’ என்று கேட்பீர்கள். நாங்கள் சொல்வது, ருசியும் சம்பளமும் ஒரே பேச்சு என்பதைத்தான்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அதாவது கூலி நிறையில் இருக்கிறது. ஆனால் ஏலத்தில் விலை தரத்தில் இருக்கிறது. ரெண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தால் தேயிலை நல்லாயிருக்கும், கிலோ சேராது. கிலோ சேர்க்க ஓடினால் முத்தல் இலையும் தண்டும் கூடைக்குள் விழும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்துதான் ஒரு கிலோ தேயிலை ஆகிறது. அந்த நாலரைக் கிலோவில் என்ன இருந்தது என்பது கொழும்பில் ஒரு மிடறில் தெரிந்துவிடும். அவர் ஒரு சொல் எழுதுவார், விலை இறங்கும். பிறகு சம்பளப் பேச்சுவார்த்தையில் ‘விலை இல்லை, எப்படிக் கூட்டுவது?’ என்று கேட்பார்கள். நிறைக்கு ஓட வைத்தது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

2021இல் ரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தினார்கள். அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. செடியில் கொழுந்து இல்லாதபோதும் கிலோக் கணக்கு மட்டும் மாறவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை வருடம் போராடினோம். அது வர்த்தமானியில் வந்தது 2021இல். 1,350 ரூபாய் வந்தது 2024 செப்டம்பரில். ஒவ்வொரு தடவையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் ஏல அறிக்கை இருந்தது. இந்தப் பக்கம் நியாயமும் பசியும் இருந்தது. நியாயம் மட்டும் வைத்துக்கொண்டு விலையைப் பற்றி வாதாட முடியாது. விலையின் பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாஷை ருசியில்தான் தொடங்குகிறது.

அதனால் விடுமுறை முடியுமுன்னே, தலவாக்கலைப் பக்கம் ஒரு தோழியின் லயக்காமிராவில் நாங்களே ஒரு மாலை வைத்தோம். ஐந்து கோப்பை. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, ருகுணு, ஐந்தாவதாக வீட்டில் இருந்த தூள். முறை ரொம்ப லேசு. தேயிலை ருசி பார்க்க 1980இலிருந்து ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது: 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு, தேத்தண்ணி ஊற்ற ஆறு பக்க விதி எழுதியதற்காக, 1999இல் வேடிக்கையான இக் நோபல் பரிசும் கிடைத்தது. எங்களிடம் தராசு இல்லை. ஒரே தேக்கரண்டி, ஒரே கோப்பை, மூடுவதற்குச் சோசர், நேரத்துக்கு போன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம்.

தோழியின் அம்மா முதலில் ‘வேற வேல இல்லையா ஒங்களுக்கு’ என்றுதான் சொன்னார். நுவரெலியாவைக் குடித்துவிட்டு, ‘இதுக்குச் சாயமே இல்லையே’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘வாசம் மட்டும் இன்னும் போகல’ என்றார். கொழும்பில் நுவரெலியாத் தேயிலைக்குச் சொல்வதும் அதேதான். நிறம் மெல்லிசு, மணம் நிற்கும்.

பிறகு நனைந்த இலையைச் சோசரில் கொட்டிப் பார்த்தோம். தூளில் இருந்து நாராக ஒன்றை அவர் நகத்தால் எடுத்தார். ‘இது தண்டு. இத எடுத்தா மலையில எங்களத் திட்டுவாங்க. நம்ம கோப்பையில மட்டும் இருக்கலாமா?’ என்று கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவருக்கு அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி தேவைப்படவில்லை. யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நாங்கள் சொற்களையும் எழுதினோம். நாக்கில் சுறுக்கென்று நிற்பது ‘சுறுக்கு’. வாய் நிறைவது ‘கனம்’. ஒன்றுமில்லாமல் போவது ‘சப்பு’. சரியாகப் பதமாகாதது ‘பச்சை வாடை’. தண்டு கூடினால் ‘தண்டு வாடை’. இதில் எதையும் அகராதியில் தேடவில்லை. அடுப்படியில் ஏற்கெனவே இருந்த சொற்கள். ஆங்கில அறிக்கையில் உள்ள சொற்களுக்கு இவற்றைப் பக்கத்தில் வைத்தால் பாதி அறிக்கை புரிந்துவிடுகிறது.

இதனால் நாளைக்கே சம்பளம் கூடாது. ஆறு நிமிட விளையாட்டு தொழிற்சங்கத்துக்கு ஈடாகவும் ஆகாது. அதோடு, ‘உலகத்திலேயே சிறந்த தேயிலை எங்க மலைத் தேயிலை’ என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஏலத்தில் பல வருடங்களாகத் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலைதான் பொதுவாகக் கூட. பெருமை வேறு, சந்தை வேறு. அதைத் தெரிந்துகொள்ளவும் அறிக்கையைப் படிக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். தரகுக் கம்பனிகள் வாராவாரம் வெளியிடும் ஏல அறிக்கை யாருக்கும் இணையத்தில் கிடைக்கும். கலைப்பீடத்தில் படிக்கிற நம்மால் அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கிவிட முடியும். லயத்தில், கோயில் மண்டபத்தில், சங்க ஆபிஸில் ஒட்டிவிடவும் முடியும். அதற்கு முன்னால், இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் மூன்று வகைத் தேயிலை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போங்கள். சீனி போடாமல் ஊற்றுங்கள். முதல் கோப்பையை அம்மாவிடம் கொடுங்கள். அவங்க என்ன சொல்றாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க.