மாநாட்டுக்கு நூறு வயது, ஊருக்குப் பதில் எப்போ?

2028 ஜூலையில் சமூகப்பணித் துறைக்கு ஒரு பெரிய நாள் வருது. 1928 ஜூலையில் பாரிஸில் முதலாவது சர்வதேச சமூகப்பணி மாநாடு கூடியது. 40க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். நூற்றாண்டு என்றால் மலர் வெளியிடுவாங்க, பொன்னாடை போர்த்துவாங்க. போர்த்தட்டும், கொண்டாட வேண்டிய விடயம்தான். ஆனா எலுவன்குளம் பக்கத்திலிருந்து பார்க்கிற எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு: ஊருக்கு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போன பதில்கள் எப்போ ஊருக்குத் திரும்பி வரும்?

இது எங்கேயோ நடந்த வெள்ளைக்காரர் மாநாடு, நமக்கென்ன என்று விட முடியாது. அதே வரிசையின் ஆறாவது மாநாடு 1952 டிசம்பரில் சென்னையில் நடந்தது. அதே ஆண்டில்தான் மேரி கிளப்வாலா ஜாதவ் அங்கே சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இலங்கையில் இன்றைக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக இருப்பதன் தொடக்கமும் அதே 1952தான்.

பாரிஸ் மாநாட்டின் முன்னணி ஆளுமைகளில் ஒருவர் ஜேர்மனியின் அலிஸ் சாலமன். 1908இல் பெர்லினில் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியவர். யூத வம்சாவளி என்பதால் 1937இல் நாஜி அரசு அவரை நாட்டைவிட்டே துரத்தியது. 1948இல் நியூயோர்க்கில் காலமானார். இடம்பெயர்ந்தவர்களுக்காக வேலை செய்கிற துறையின் முன்னோடியே இடம்பெயர்ந்தவர்.

புத்தளத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்குத்தான். அவர்களைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் ஆங்கிலத்தில் வந்தாச்சு. அதில் எத்தனையைப் பேட்டி கொடுத்த உம்மாமார் வாசித்திருப்பார்கள்?

எலுவன்குளம் இருக்கிறது வில்பத்துக் காட்டின் தெற்கு ஓரத்தில, காலா ஓயா கடலைச் சேருகிற இடத்துக்குக் கிட்ட. மழைக்கு ஆறு பெருகினா சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி பாயும். காட்டிலிருந்து யானை வரும். மீன்பிடியை நம்பி வாழும் குடும்பங்களும் இருக்கு. ஆய்வு செய்ய விடயத்துக்குக் குறைவே இல்ல. ஆனா அந்த ஆய்வு மாநாட்டுச் சுருக்கத் தொகுப்பில் ஒரு பக்கமாக முடிந்துபோனா யாருக்கு என்ன பயன்? அதே ஒரு பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் ஊருக்கு வந்தா, மீனவர் சங்கத்து ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்ணாத்திவில்லு பிரதேச செயலகத்தில் பேசலாம். "எங்களுக்குக் கஷ்டம்" என்று சொல்வதற்கும், "இதோ கணக்கு" என்று காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கு தானே.

இதுக்கு மாணவர்களைக் குறை சொல்ல நாங்க வரல்ல. பட்டத்துக்கு ஒரு காலக்கெடு, பஸ்ஸுக்குக் கைக்காசு, வழிகாட்டி கேட்கிறதோ ஆங்கிலக் கட்டுரை. ஊருக்குத் திரும்பிப் போனதற்கு யாரும் புள்ளி போடுறதில்ல. மாற வேண்டியது மாநாட்டின் விதிதான்.

செய்ய முடியாத காரியமும் இல்ல. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை விசாரித்த மக்கள் ஆணைக்குழு, பாதிக்கப்பட்ட மக்களின் வாய்ச்சொல்லையே ஆதாரமாக்கி 2011இல் அறிக்கை தந்தது. மக்களைத் தரவாக இல்லாமல் சாட்சிகளாக மதித்த வேலை அது.

அதனால எங்கட கோரிக்கை மூன்றுதான். ஒன்று, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையோடும் அந்த ஊர் மக்களின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் கட்டாயம் வேணும். இரண்டு, மாநாட்டின் ஒரு அமர்வாவது ஹோட்டல் மண்டபத்தில் இல்லாமல், ஆய்வு நடந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் நடக்கட்டும். மூன்று, அந்த அமர்வில் ஊரார் கேள்வி கேட்கட்டும், ஆய்வாளர் பதில் சொல்லட்டும்.

நீங்க சமூகப்பணி படிக்கிற ஆள் என்றால் 2028 வரை காத்திருக்க வேண்டாம். உங்கட ஆய்வின் முடிவை இரண்டு பக்கத்தில் எழுதி, பதில் சொன்ன வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. பிழை இருந்தா அவங்களே திருத்துவாங்க.