விதையை எடை போட்டால் போதுமா?

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிராகிறது. அதன் பூதான் செங்காந்தள்! கிழங்கும் விதையும் விஷம். ஆனால் விதையில் உள்ள கோல்சிசின் என்ற பொருள், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலிக்கு மருந்து.

தோட்டத்துக்குத் தோட்டம் அதன் அளவு மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடக் கருவி சொல்லிவிடும். விதைச் சாற்றைச் சின்னக் குப்பிகளில் வைத்தால் போதும். கருவியே ஒவ்வொன்றாக உறிஞ்சி, கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து, எது எவ்வளவு என்று கணக்குக் கொடுக்கும். இரவில் ஆள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்!

பாலுக்குக் கொழுப்பை அளந்து விலை தருகிறார்கள். விதைக்கு மட்டும் எடை போதுமா? விஷப் பயிரோடு பாடுபடும் விவசாயிக்குத் தம் விதையின் தரம் தெரிய வேண்டாமா? திண்டுக்கல்லில் அவருக்கென்று ஒரு பொதுச் சோதனைக்கூடம் வேண்டும். கணக்கு கையில் இருந்தால், விலை பேச வாய் வரும்!