"நான் ஸ்டெடியாதான் ஓட்டுவேன்" என்பவர்களுக்கு...

1/ "குடிச்சாலும் நான் ஸ்டெடி டாக்டர்." விபத்து கேஸ் பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார். இதைப் பற்றி இன்று கொஞ்சம் காட்டமாகவே பேசுவோம்.

2/ ஆல்கஹால் முதலில் கை வைப்பது உங்க காலிலோ நாக்கிலோ இல்லைங்க. மூளையின் முன்பகுதியில். நிதானம், எச்சரிக்கை, "இது வேண்டாம்" என்று தடுக்கும் புத்தி எல்லாம் அங்கேதான். தள்ளாட்டமும் குளறலும் அதற்குப் பிறகுதான் வரும்.

அதாவது, நீங்க ஸ்டெடியா என்று தீர்ப்பு சொல்ல வேண்டிய நீதிபதிக்குத்தான் முதலில் போதை ஏறுகிறது. அவர் கொடுக்கிற சர்டிபிகேட்டை நம்பித்தான் வண்டியை ஸ்டார்ட் பண்றீங்க!

3/ 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் 8 மீட்டர் போச்சு. குறுக்கே ஓடி வரும் குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் அந்த 8 மீட்டரில்தான்.

4/ மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 சொல்வது: 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 வருடம் வரை சிறை, 15,000 ரூபாய்.

5/ "ராத்திரி குடிச்சது, காலைல இறங்கிடும்." இறங்காது. 42.8 சதவீத சரக்கு ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கு. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 10 மணிக்கு ஆஃப் அடித்தவர், காலை 8 மணிக்குப் பிள்ளையை ஸ்கூலில் விடப் போகும்போதும் லிமிட்டைத் தாண்டியே இருக்கலாம். மோர், எலுமிச்சை, காபி, குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது.

6/ "பத்தாயிரம் அநியாயம்" என்கிறீர்கள். தொடை எலும்பு உடைந்தால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. நீங்க இடித்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் பணத்தைக்கூட உங்களிடமே வசூலிக்கச் சொல்லி கோர்ட்டுகள் உத்தரவிட்டிருக்கின்றன.

7/ அடுத்து, அரசுக்கு. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். பார் வாசலில் வரிசையாக டூவீலர்கள் நிற்கின்றன. அத்தனை பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டா வீட்டுக்குப் போகிறார்கள்? விற்பதும் நீங்கள், பிடிப்பதும் நீங்கள். அப்புறம் ஏன் புத்தாண்டு இரவில் மட்டும் இவ்வளவு சுறுசுறுப்பு? கடை மூடும் நேரத்தில், கடை இருக்கும் தெருமுனையில், தினமும் ஊதச் சொல்லுங்கள். அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும் வராத பயம், "இன்னைக்கு கண்டிப்பா மாட்டுவோம்" என்றால் வரும்.

8/ கடைசியாக உங்களுக்கு. குடிக்காமல் இருப்பதே நல்லது. குடிக்கப் போகிறவர் முதல் மடக்குக்கு முன்பே சாவியை யாரிடமாவது கொடுத்துடுங்க. அதற்குப் பிறகு எடுக்கிற முடிவு உங்களுடையது இல்லை. நண்பன் குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் சாவியைப் பிடுங்குங்க. திட்டினால் திட்டட்டும், காலையில் திட்டுவதற்கு அவன் உயிரோடு இருப்பான்.

எதிரில் வருகிறவர் உங்களோடு உட்கார்ந்து குடிக்கவில்லை. அடி மட்டும் அவருக்கும் விழுகிறது.