ஃபோனை மாற்றினால் மட்டும் போதுமா?

போன வாரம் 'லவ் டுடே' படத்தை மறுபடி பார்த்தேன். 2022-ல் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்த படம். பிரதீப் ரங்கநாதன் தன்னுடைய 'அப்பா லாக்' குறும்படத்தை வளர்த்து எழுதி, இயக்கி, நடித்தது. தயாரித்த ஏ.ஜி.எஸ். சகோதரர்களின் பெயருக்கு முன்னால் 'கல்பாத்தி' என்று திரையில் வரும்போது ஊர்க்காரனுக்கு ஒரு தனி சந்தோஷம். அதை மறைப்பானேன்!

கதை தெரிந்திருக்கும். பெண்ணின் அப்பா சத்யராஜ் ஒரு நிபந்தனை போடுகிறார். காதலர்கள் இருவரும் ஒரு நாள் ஃபோனை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் கல்யாணம் வேண்டுமென்றால் சரி. இரண்டு பக்கத்துக் குப்பையும் வெளியே வருகிறது.

நியாயமான சோதனைதான். ஆனால் இந்தத் தடவை எனக்குக் கணக்கு இடித்தது. பையன் செய்த சில்மிஷத்தில் பாதி காமெடியாகப் போய்விடுகிறது. பெண்ணை வைத்து ஒரு போலி வீடியோ பரவியதும் அவள் உடைந்தே போகிறாள். அவன் நம்பியதால் பிழைத்தாள். நம்பாமல் போயிருந்தால்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கை பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். மேட்ரிமோனியில் ஜாதகம் பொருந்திய ஒரு பையன் வீட்டார் அவளுடைய இன்ஸ்டாகிராம் ஐடியைக் கேட்டார்கள். கொடுத்தேன். "பையனுடையதையும் அனுப்புங்களேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆண்பிள்ளையாச்சே சார், அதுல என்ன பார்க்கப் போறேள்?"

வங்கியில் கடன் வாங்குபவருக்கும் ஜாமீன் போடுபவருக்கும் கே.ஒய்.சி. உண்டு. முகத்தைப் பார்த்து ஒருவரை விட்டால் ஆடிட்டர் என்னை விடமாட்டார். கல்யாணத்தில் மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான் கே.ஒய்.சி.யா?

ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாவிடம் புலம்பினேன். கல்பாத்தித் திண்ணையில் எத்தனையோ வரன் பேச்சைக் கேட்டவள். "அப்பவும் அப்படித்தாண்டா. பொண்ணோட குணத்தைத் தெரு முழுக்க விசாரிப்பா. பையனைப் பத்திக் கேட்டா உத்தியோகத்தைச் சொல்லுவா" என்றாள். திண்ணை போய் இன்ஸ்டாகிராம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

அந்த வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பெரிய நியாயவான் மாதிரி தங்கை பெண்ணிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அதெல்லாம் சரி மாமா, என்னைக் கேக்காம என் ஐடியைக் குடுத்தது யாரு?"

பதில் சொல்ல முடியவில்லை.

இனிமேல் எங்கள் வீட்டில் ஒரே விதி. கேட்டால் இரண்டு பேரிடமும் கேட்பது, அதுவும் அவர்கள் சம்மதித்தால். இல்லையா, இரண்டு பேரையும் விட்டுவிடுவது. நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் எப்படி?