வீணான வார்த்தை எது?





போளூரிலும் அதைச் சுற்றியுள்ள மேல்மலைக் கிராமங்களிலும் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, பெற்றோர் வைக்கும் ஜெப விண்ணப்பங்களில் ஒன்று இப்பொழுது எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. "ஐயா, பிள்ளை எந்நேரமும் செல்லும் கையுமா இருக்கான். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அரட்டை. கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க." அடுத்த அறையில் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருப்பான். உடனே யாராவது ஒரு பெரியவர் மத்தேயு 12:36-ஐ எடுத்துச் சொல்வார். மனிதர் பேசும் வீணான வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் நியாயத்தீர்ப்பு நாளில் கணக்கு உண்டு என்று ஆண்டவர் எச்சரித்த வசனம் அது. அத்துடன் விசாரணை முடிந்துவிடும்.

அந்த வசனத்தை அவசரமாகப் பயன்படுத்துகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில், நம் பிள்ளைகள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? மதுரையில் செவிலியர் படிப்புப் படிக்கும் அக்கா விடுதிச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புகிறாள். இங்கே இருக்கும் தம்பி, கேரட் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கியதைப் பதிலாக அனுப்புகிறான். எந்தக் கைப்பேசியில் படம் தெளிவாக விழும், தவணையில் வாங்கலாமா, கணக்குத் தேர்வுக்கு எந்தப் பாடம் வரும், இன்று கொடைக்கானல் பேருந்து ஏன் பிந்தியது, வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலை போயிற்று என்பவை அவர்களுடைய பேச்சு. நடுவே இளையராஜாவா ரகுமானா என்ற வழக்கும் உண்டு. 1992-இல் 'ரோஜா' வெளிவந்த நாள் முதல் நடந்துவரும் அவ்வழக்கை இந்தத் தலைமுறையும் தீர்க்கப்போவதில்லை. நம் தகப்பன்மார் டீக்கடைப் பலகையில் அமர்ந்து பேசியவையும், தாய்மார் தண்ணீர்க் குழாயடியில் பேசியவையும் இவற்றைவிடப் பெரிய தத்துவங்கள் அல்ல. அவர்களுடைய பேச்சு காற்றோடு போயிற்று, இவர்களுடையது திரையில் தங்குகிறது என்பதே வேறுபாடு.

அந்தக் கைப்பேசியைப் பிள்ளைகளின் கையில் வைத்தவர்களும் நாமே. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்றால் மேட்டில் ஏறச் சொன்னோம். பள்ளி திறந்தபின், வைத்துவிடு என்கிறோம். அதற்குள் அவர்கள் அங்கே ஒரு திண்ணை கட்டிக்கொண்டார்கள்.

இப்பொழுது வசனத்திற்கு வருவோம். 'வீணான' என்று தமிழ் வேதாகமத்தில் வரும் சொல்லுக்கு மூலமொழியாகிய கிரேக்கத்தில் 'அர்கோஸ்' என்று பெயர். வேலையற்றது, வேலை செய்யாதது என்று பொருள். இதே மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில், கூலிக்கு ஆள் வராமல் சந்தைவெளியில் சும்மா நின்றவர்களைக் குறிக்கவும் இதே சொல் வருகிறது. அவர்களைத் திராட்சத்தோட்டத்துக்காரன் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டான், பிறகு வேலைக்கு அழைத்துக்கொண்டான். சும்மா இருப்பதே ஆக்கினைக்குரிய பாவமானால் அந்த உவமை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

அப்படியானால் ஆண்டவர் எதைக் கண்டித்தார்? 12:24-லிருந்து வாசியுங்கள். குருடும் ஊமையுமான ஒருவன் சுகமாகியிருக்கிறான். அதைக் கண்ட பரிசேயர், பெயெல்செபூலின் துணையால்தான் இது நடந்தது என்று ஒரு பேச்சை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு நற்செய்கையைப் பொல்லாங்காகத் திரித்து, கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு, பொறுப்பேற்காமல் நகர்ந்துவிடும் வார்த்தை அது. 'சும்மா சொன்னேன்' என்று பிறகு கைகழுவத்தக்க வார்த்தை. அதற்குத்தான் கணக்குக் கேட்கப்படும் என்றார். நீதிமொழிகள் 26:18, 19-இல் சாலொமோன் காட்டும் மனிதனும் இவனே. பிறனை வஞ்சித்துவிட்டு விளையாட்டுக்குச் செய்தேன் என்பவனை, கொள்ளிகளையும் அம்புகளையும் எறிகிற பைத்தியக்காரனோடு அவர் ஒப்பிடுகிறார்.

இந்த அளவுகோலோடு நம் வாலிபரின் குழுக்களுக்குள் நுழைந்தால், பயப்படவேண்டியது வேறிடத்தில் இருப்பதைக் காண்பீர்கள். நள்ளிரவு வரை பாட்டைப் பற்றிப் பேசுகிறவன் தூக்கத்தை இழக்கிறான். அது கெடுதிதான், திருத்தவேண்டியதுதான். ஆனால் ஒரு வகுப்புத் தோழனின் நிறத்தையும், அவன் வீட்டுத் தொழிலையும், அவன் பேசும் மலைத்தமிழையும் வைத்து ஒட்டுப்படம் செய்து நாற்பது பேர் சிரிக்கும்போது, வீட்டில் யாரும் எனக்கு ஜெப விண்ணப்பம் தருவதில்லை. சாதிப் பெருமை பாடும் பாட்டொன்றை ஒருவன் ஸ்டேட்டஸில் வைக்கிறான். பெற்றோர் அதைப் பார்க்கிறார்கள். சிலர் மகிழ்கிறார்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் புசிக்கும் குடும்பங்களுக்குள்ளும் இது நடக்கிறது என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இவை எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவரை, அவரோடு அதே பள்ளியில் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அம்மாணவர் அதற்கு முன்பே உடன்படித்தவர்களால் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டு, பள்ளிக்குப் போகவே அஞ்சியிருந்தார். அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். கயிற்றை ஆசிரியர் அறுத்துவிடலாம். நாவையும் விரலையும் யார் காப்பது? அரிவாள் ஒரே இரவில் கைக்கு வருவதில்லை. அதற்கு முன்னே எத்தனையோ நாட்களின் கேலிகள் வந்திருக்கும். கேட்டவர்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று இருந்திருப்பார்கள்.

நாம் நேரத்தை எண்ணுகிறோம், வேதம் வார்த்தையை நிறுக்கிறது. தீங்கற்ற அரட்டைக்குக் கண்டிப்பு, காயப்படுத்தும் அரட்டைக்கு மௌனம் என்று இரண்டையும் நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

'அரட்டை' என்ற சொல்லையே நாம் இழிவாகப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஆனால் விசு அவர்கள் தொலைக்காட்சியில் நடத்திய 'அரட்டை அரங்கம்' உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயர்தான் அரட்டை, அங்கே எளியவர்கள் எழுந்து நின்று தங்கள் வீட்டுத் துயரங்களைச் சொன்னார்கள். 2021-இல் ஜோஹோ நிறுவனம் தன் செய்திச் செயலிக்கு இதே பெயரை வைத்தது. 2025 செப்டம்பரில் தமிழ் அறியாதவர்களும் அந்தச் சொல்லை உச்சரிக்கப் பழகினார்கள். போதகர்களாகிய நாங்களும் இச்சொல்லைக் கண்டு முகம் சுளிக்க உரிமையற்றவர்கள். எங்கள் பிரசங்கக் கலைக்கு இறையியல் கல்லூரிகளில் 'ஹோமிலெட்டிக்ஸ்' என்று பெயர். அதன் வேர், லூக்கா 24:14-இல் எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்கள் வழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல். பிரசங்கத்தின் பூர்வீகம் வழிப்பேச்சு.

எம்மாவு வழியில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் செய்ததைப் பெற்றோர் நிதானமாக வாசிக்கவேண்டும். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடை. அவர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள், அவர் பக்கத்தில் வந்து சேர்ந்து நடக்கிறார். முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள்? நடந்தது என்ன என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆயினும் எவைகள் என்று மறுபடியும் கேட்டு, அவர்கள் வாயாலேயே முழுவதையும் சொல்லவிட்டு, அதன்பின்பே மோசே முதல் எடுத்து விளக்குகிறார். அந்த வரிசையை நாம் மாற்றிவிடுகிறோம். கேட்பதற்கு முன்பே விளக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆகவே பெற்றோரே, இந்த வாரம் கைப்பேசியைப் பிடுங்குவதற்குப் பதிலாக, இன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். எந்தப் பாட்டு என்றும் கேட்டு, முழுப் பாட்டையும் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. வாலிபரே, உங்கள் குழுவில் யாராவது ஒருவன் கொஞ்ச நாட்களாகப் பதிலே எழுதாமல் இருக்கிறானா என்று பாருங்கள். அவனைப் பற்றிக் கடைசியாக என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று மேலே தள்ளி வாசியுங்கள். பிறகு குழுவில் அல்ல, அவனிடம் தனியே பேசுங்கள்.

எபேசியர் 5:4-இல் பவுல் விலக்கச் சொல்லும் 'பரியாசம்' இதில் எங்கே வருகிறது என்று சிலர் கேட்பீர்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லை அரிஸ்டாட்டில் ஒரு நற்குணமாகப் புகழ்ந்திருக்க, பவுல் அதை ஏன் ஆபாசப் பேச்சோடு சேர்த்துவைத்தார் என்பது விரிவாகப் பேசவேண்டிய காரியம். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரம் அதைத் தியானிப்போம்.