கொல்லையில சிமெண்ட் கொட்டாதீங்க

ஐப்பசி பிறந்துடுச்சு. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவங்க எங்க தெருவுல மூணு வீட்டுக் கொல்லையை சிமெண்ட் போட்டு மூடிட்டுப் போனாங்க. இந்தத் தீபாவளிக்கு என் மகன் சென்னையிலிருந்து அதையேதான் சொல்றான். "அப்பா, மழை பெஞ்சா கொல்லை சேறாயிடுது. அம்மா வழுக்கி விழுந்தா யார் பார்க்கிறது? டைல்ஸ் போட்டுடலாம்." பணமும் அவனே தர்றானாம்.

அவன் சொல்றதுல பாதி நியாயம். போன வருஷம் அவ வழுக்கினது உண்மை. கையை ஊன்றித் தப்பிச்சா. அதுக்கு கிணத்தடி வரைக்கும் ரெண்டடி அகலத்துக்கு செங்கல் பதிச்சா போதாதா? பதிச்சுட்டேன். மீதி மண்ணு மண்ணாவே கிடக்கட்டும்னு சொல்றேன். அதுதான் எங்க சண்டை. இதைப் படிக்கிற உங்கள்லயும் அவன் கட்சி நிறைய பேர் இருப்பீங்க, அதனால உங்களுக்கும் சேர்த்தே எழுதுறேன்.

எங்க கொல்லை ஒரு சென்ட், 435 சதுர அடி. ஐப்பசி கார்த்திகையைக் கூதிர்காலம்னு பள்ளிக்கூடத்துல தமிழய்யா சொல்லிக் கொடுத்தார். கொல்லைக்கு இப்பதான் வேலை. காத்துக்கு முறியறதுக்கு முன்னாடி முருங்கைக் கிளையைக் கழிக்கணும். கத்திரிக்கும் மிளகாய்க்கும் மண் அணைக்கணும், தூர்ல தண்ணி நின்னா வேர் அழுகிடும். ஆடியில் ஊன்றின அவரை பந்தல் ஏறிடுச்சு, ஆனா பூக்கலை. பகல் குறுகினாத்தான் நாட்டு அவரை பூக்கும். அவசரப்பட்டு யூரியா வச்சா கொடிதான் ஓடும். மார்கழி, தையில் காய் பறிச்சுக் கொடுத்து மாளாது.

கொல்லைன்னா காய் மட்டும் இல்லைங்க. பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் வாழைக்கும் சேம்புக்கும் போகுது. மூணு நாளைக்கு ஒரு தடவை மண்வெட்டியால ஒரு கொத்து கொத்தி வாய்க்காலைத் திருப்பி விட்டா எங்கேயும் தேங்காது. சிமெண்ட் போட்டா அந்தத் தண்ணி எங்க போகும்? எங்க தெருவுல சாக்கடை கிடையாது. கொசுவுக்குப் பயந்துதான் அந்த மூணு வீட்லயும் மூடினாங்க. தண்ணி இப்ப தெருவுல நிக்குது. அவங்க வீட்டுக் கொசு ஊர்ப் பொதுவாயிடுச்சு.

மழைக்கும் இதே கதி. ஒரு சென்ட் தரையில் 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 2000 லிட்டர். மண்ணு சத்தமில்லாம குடிச்சுக் கிணத்துக்குக் கொடுக்கும். 2003-ல அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குச்சு. தரை முழுக்க மூடிட்டு, மூலையில ஒரு குழாயைச் சொருகி, அதுக்கு மழைநீர் சேகரிப்புன்னு பேர் வைக்கிறவங்களை என்ன சொல்ல?

பாம்பு வருமாம். வரும்தான். நெல்லும் எலியும் இருக்கிற ஊர்ல டைல்ஸ் மேலயும் வரும். விறகைக் குவிக்காம இருக்கணும், ராத்திரி டார்ச் இல்லாம இறங்கக் கூடாது. அதுக்கு சிமெண்ட் மருந்து இல்ல.

2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க பந்தல் சாஞ்சுது, முருங்கை போச்சு. கரண்ட் இல்ல, கடை இல்ல. மண்ணுக்குள்ள கிடந்த சேப்பங்கிழங்கைத் தோண்டித்தான் ஒரு வாரம் குழம்பு. என் மகனும் அந்த வாரம் இங்கதான் இருந்தான். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்தான்.

அவனே சென்னையில மொட்டை மாடியில பை வச்சுக் கீரை வளர்க்கிறான். நாங்க விக்கிற தேங்காய் மட்டையோட கழிவை செங்கல் மாதிரி அழுத்திக் கொடுக்கிறாங்களே, அதைக் காசு கொடுத்து வாங்கித் தண்ணியில ஊற வைக்கிறான். வாராவாரம் போட்டோ வருது. கேலி பண்ணலை, நல்லாத்தான் வருது கீரை. அங்க மண்ணு இல்ல, என்ன செய்வான். இருக்கிற மண்ணை ஏன்டா மூடச் சொல்றேன்னுதான் கேக்குறேன்.

இந்த அவரை எங்க அம்மா கை விதை. சாம்பல்ல புரட்டி வச்சு வச்சு வந்தது. இப்பவும் என் வீட்டுக்காரி நாலு காயைப் பறிக்காம கொடியிலேயே நெத்தாக விடுவா. ஹைப்ரிட் விதையில இது நடக்காது, எடுத்துப் போட்டா தாய்ச்செடி மாதிரி வராது.

டைல்ஸ் காசு அனுப்பாதே, வரும்போது பந்தல் கட்ட நைலான் கயிறு வாங்கிட்டு வான்னு நேத்து சொன்னேன். ஒண்ணும் பேசாம போனை வச்சுட்டான். தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு.