இருக்கிற சட்டம் போதுமாம்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. 2023 அக்டோபரில் மாநில ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். இருக்கிற சட்டங்களே போதுமாம்!

தோழர்களே, வேங்கிக்காலில் வாழும் நமக்கு இந்தப் பதில் புதிதா? தீண்டாமையை ஒழித்த சட்டப்பிரிவு 17 நடைமுறைக்கு வந்தது 1950இல். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 30இல். அதுவும் போலீஸ் பாதுகாப்போடு!

சாதியைப் பெயர் சொல்லித் தடைசெய்த நாட்டிலேயே இதுதான் நிலை. பெயரே சொல்லாத சட்டம் அங்கே யாரைக் காக்கும்? பாதிக்கப்பட்டவர் முதலில் சாதி என்றால் என்னவென்று பாடம் நடத்த வேண்டும். பிறகுதான் நீதி கேட்க முடியும்.

அதே 2023இல் சியாட்டில் நகரம் 'சாதி' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியது. கலிபோர்னியாவும் எழுதட்டும். நாம் இங்கே, எழுதியதை நடத்திக் காட்டச் சொல்லிப் போராடுவோம்.